வாஸ்ப்-12பி கடப்பு: 21 நிமிடம் முன்னதாக வந்தது எப்படி?

மாடிவானம் | 29 டிசம்பர் 2024, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். தேரோட்டி விண்மீன் குழுவிலுள்ள வாஸ்ப்-12 என்னும் விண்மீனை, டிசம்பர் 27 வெள்ளிக்கிழமை இரவு, தருமபுரிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து 20 செ.மீ. தொலைநோக்கியால் இரவு 8.15 முதல் பின்னிரவு 1 மணி வரை தொடர்ந்து படமெடுத்தேன். அமாவாசைக்கு மூன்று நாள் இருந்ததால் நிலவின் தொல்லை இல்லை. ஒவ்வொரு படமும் 60 வினாடி, சிவப்பு வடிகட்டி, மூன்று ஒப்பீட்டு விண்மீன்கள்.

அந்த விண்மீனை 1.09 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் வாஸ்ப்-12பி, வெப்ப வியாழன் வகைக் கோள், அதாவது வியாழனைப்போல் பெரியது, விண்மீனை ஒட்டியிருப்பதால் கடும் வெப்பமானது. அது தன் தாய் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே வரும்போது, ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒளியை 1.4 சதவீதம் குறைக்கிறது. இதுதான் கடப்பு. என் ஒளி வரைவிலும் அந்தப் பள்ளம் தெளிவாக விழுந்திருக்கிறது, புள்ளிகள் 0.36 சதவீதம் சிதறினாலும், பத்துப் பத்தாகச் சேர்த்துப் பார்த்தால் தட்டின் அடிபோலத் தெரிகிறது. ஆழத்தில் எனக்குக் குறையில்லை. நேரம்தான் குழப்புகிறது.

இந்தக் கோளின் சுற்றுப்பாதை விண்மீனை நோக்கிச் சுருங்கிவருகிறது என்பதும், அதன் சுற்றுக்காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மில்லி வினாடி குறைகிறது என்பதும் 2020இல் வெளியான ஆய்வில் உறுதியாயின. அந்த ஆய்வு தரும் 2013 ஜனவரி நடு நேரத்தையும் அன்றைய சுற்றுக்காலமான 1.09141965 நாளையும் எடுத்துக்கொண்டு, சுருக்கமே இல்லை என்று வைத்து 4001 சுற்றுகள் தள்ளிக் கணித்தால், டிசம்பர் 27 கடப்பின் நடு நேரம் ஜூலியன் நாள் (வானியலில் நாட்களைத் தொடர்ந்து எண்ணும் முறை) 2460672.2255 என்று வருகிறது. எனக்குக் கிடைத்தது 2460672.2106. அதாவது 21.5 நிமிடம் முன்னதாக. பிழை எல்லை 1.1 நிமிடம் என்கிறது மென்பொருள். சுருக்கத்தால் வரவேண்டியது 11.6 நிமிடம்தான். அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு எனக்கு வந்திருக்கிறது. கோள் இன்னும் வேகமாக விழத் தொடங்கிவிட்டதா, அல்லது நான் எங்கோ இடறியிருக்கிறேனா? இரண்டாவதுதான் என்று மனம் சொல்கிறது. இடறிய இடம் தெரியவில்லை.

நாழிகைவட்டில் | 29 டிசம்பர் 2024, இரவு 9.55

மாடிவானம் அவர்களுக்கு, முதலில் வாழ்த்துகள். பிரகாச அளவு 11.6 கொண்ட, வெறும் கண்ணுக்கே தெரியாத ஒரு விண்மீனின் கடப்பை 20 செ.மீ. கருவியில் இவ்வளவு ஒழுங்காகப் பதிந்தது எளிய வேலை அல்ல. இப்போது ஒரே கேள்வி: நீங்கள் எழுதியிருக்கும் 2460672.2106 எந்த நேரம்? கேமரா மென்பொருள் கோப்பின் தலைப்பில் எழுதிவைக்கும் உலகப் பொது நேரத்தை அப்படியே ஜூலியன் நாளாக மாற்றியிருக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் நடு நேரம் பூமியில் நின்று பார்த்த நேரமே அல்ல. சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தில் ஒருவர் கடிகாரத்துடன் உட்கார்ந்திருந்தால் அவர் எப்போது கண்டிருப்பாரோ அந்த நேரம் அது. டிசம்பர்க் கடைசியில் வாஸ்ப்-12 நடுநிசியில் உச்சிக்கு வருகிறது. அப்படியென்றால் சூரியன் நமக்குப் பின்னால், விண்மீன் நமக்கு முன்னால். விண்மீனின் ஒளி முதலில் பூமியைத் தொட்டு, அதன் பிறகு 8 நிமிடத்துக்குச் சற்று மேல் பயணம் செய்துதான் சூரியன் இருக்கும் இடத்தை அடைகிறது. ஆகவே அந்த மையத்தில் இருப்பவரைவிட நீங்கள் 8.1 நிமிடம் முந்திக் காண்கிறீர்கள். உங்கள் நேரத்தோடு அதைக் கூட்ட வேண்டும்.

இரண்டாவது திருத்தம் கடிகாரத்தினுடையது. பூமியின் சுழற்சியோடு இசைந்துபோக உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது லீப் வினாடிகள் சேர்க்கப்படுகின்றன. கோள்களின் இயக்கக் கணக்குக்கோ அப்படி இடையில் குதிக்காத நேரம் வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே இப்போதுள்ள வேறுபாடு 69.2 வினாடி. இரண்டையும் சேர்த்தால் 9.3 நிமிடம். உங்கள் மென்பொருளில் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கும் விண்மீனின் ஆயமும் கொடுத்திருந்தால் அளவுகளின் அட்டவணையில் திருத்திய நேரத்துக்கென்று தனிப் பத்தி (நெடுவரிசை) வந்திருக்கும். வரைவை அந்தப் பத்திக்கு எதிராகப் போட வேண்டும்.

இன்னும் ஒன்று. கோப்பில் பதிவாவது படம் தொடங்கிய நொடியா, நடு நொடியா? பெரும்பாலான கேமராக்களில் தொடக்கம்தான். 60 வினாடிப் படத்துக்கு அது அரை நிமிடம்.

இது புதிய சிக்கலும் அல்ல. வியாழனின் துணைக்கோளான அயோ மறையும் நேரங்கள் சில மாதங்களில் முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் வருவதைக் கண்ட ஓலே ரோமர், ஒளி பயணம் செய்ய நேரம் எடுத்துக்கொள்கிறது என்று 1676இல் பாரிசில் அறிவித்தார். அவர் கண்டதும் நீங்கள் கண்டதும் ஒன்றுதான்; அவருக்கு அது கண்டுபிடிப்பு, நமக்குத் திருத்தம்.

மாடிவானம் | 29 டிசம்பர் 2024, இரவு 11.10

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. பத்தியை மாற்றிப் பார்த்தேன். கேமராவும் தொடக்க நொடியைத்தான் எழுதியிருக்கிறது. மாடியில் இணையம் இல்லாததால் மடிக்கணினியின் கடிகாரத்தையும் மறுநாள் சரிபார்த்தேன். 4 வினாடிதான் பிசகு, அதை விட்டுவிடலாம். ஒளிப் பயணத்துக்கு 8.1, கடிகாரத்துக்கு 1.2, படத்தின் நடுவுக்கு 0.5, ஆக 9.8 நிமிடம். 21.5 நிமிடத்தில் இதைக் கழித்தால் எஞ்சுவது 11.7 நிமிடம். சுருக்கக் கணக்கு சொல்லும் 11.6க்கு இவ்வளவு அருகில் வரும் என்று நான் நினைக்கவேயில்லை. மொட்டைமாடியிலிருந்து ஒரு கோள் விழுவதைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாமா?

அல்லி | 30 டிசம்பர் 2024, காலை 7.20

நான் இயற்பியல் இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவி. இந்த இழையை இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கணக்கு புரியவில்லை. சுற்றுக்காலம் ஆண்டுக்கு 29 மில்லி வினாடிதான் குறைகிறது என்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மொத்தம் 348 மில்லி வினாடி, அதாவது அரை வினாடிகூட இல்லை. அது எப்படி 11.6 நிமிடமாக வளர்ந்தது? மேலும், கோள் ஏன் விழ வேண்டும்? நிலா நம்மைவிட்டு விலகிப் போகிறது என்றுதானே படித்திருக்கிறோம்.

ஓதக்கரை | 30 டிசம்பர் 2024, காலை 10.05

அல்லி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய் அம்மா. கணக்கை முதலில் பார்ப்போம். நாளுக்கு ஒரு வினாடி விரைந்து ஓடும் கடிகாரத்தை நினைத்துக்கொள். ஒரு மாதம் கழித்து அது காட்டும் பிழை ஒரு வினாடி அல்ல, முப்பது வினாடி. இங்கேயோ அந்த விரைவே நாளுக்கு நாள் கூடுகிறது. வாஸ்ப்-12பி ஓர் ஆண்டில் ஏறத்தாழ 335 முறை சுற்றுகிறது. முதல் ஆண்டின் முடிவில் ஒவ்வொரு சுற்றும் 29 மில்லி வினாடி குறைந்திருக்கும். ஆண்டு முழுவதற்கும் சராசரி குறைவு அதில் பாதி, 14.5 மில்லி வினாடி. அதை 335ஆல் பெருக்கினால் 4.85 வினாடி. இரண்டாம் ஆண்டின் முடிவில் இது இரு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். ஏனெனில் சுற்றுகளின் எண்ணிக்கையும் வளர்கிறது, ஒவ்வொரு சுற்றின் குறைவும் வளர்கிறது. ஆகவே ஆண்டுகளின் வர்க்கத்தை 4.85ஆல் பெருக்க வேண்டும். பத்தாண்டுக்கு 485 வினாடி, பன்னிரண்டு ஆண்டுக்கு 698 வினாடி. அதுதான் அந்த 11.6 நிமிடம்.

இனி விழுவது ஏன் என்பது. பூமி தன்னைத்தானே ஒரு நாளில் சுற்றிக்கொள்கிறது; நிலா பூமியைச் சுற்ற 27 நாளுக்கு மேல் ஆகிறது. நிலா தன் ஈர்ப்பால் எழுப்பும் ஓதப் புடைப்பை, அதாவது கடல் ஏற்றம் போன்ற வீக்கத்தை, பூமியின் வேகமான சுழற்சி முன்னே இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் புடைப்பு நிலாவை முன்னோக்கி இழுப்பதால் நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுகிறது. வாஸ்ப்-12இல் நிலைமை தலைகீழ். விண்மீன் மெதுவாகச் சுழல்கிறது, கோளோ 26 மணி நேரத்தில் அதைச் சுற்றிவிடுகிறது. விண்மீனின் மேல் கோள் எழுப்பும் புடைப்பு கோளுக்குப் பின்தங்கி நிற்கிறது. பின்தங்கியது பின்னோக்கித்தான் இழுக்கும். கோள் கோண உந்தத்தை இழந்து உள்ளே இறங்குகிறது, இறங்க இறங்க இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. இன்றைய வேகத்தைக் கொண்டு கணித்தால் இந்தச் சிதைவின் கால அளவு 30 இலட்சம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்.

கோள் இருக்கும் தொலைவு விண்மீனின் ஆரத்தைப்போல் மூன்றே மடங்கு என்பதை நினைத்தால், இது இத்தனை காலம் தாக்குப்பிடித்ததே வியப்புதான். வியாழனைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைந்த நிறைதான், ஆனால் ஆரம் ஏறக்குறைய இரு மடங்கு. வடிவமும் உருண்டை அல்ல. விண்மீனின் இழுப்பில் முட்டை போல நீண்டிருக்கிறது.

கரும்புள்ளி | 30 டிசம்பர் 2024, பிற்பகல் 1.30

கொண்டாட்டத்தைக் கெடுப்பதற்காக எழுதவில்லை. ஆனால் மாடிவானம் அவர்களின் கடைசிக் கேள்விக்கு விடை, இல்லை என்பதே.

உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு புள்ளி. 4001 சுற்றுகளில் 11.6 நிமிடம் என்பதை, சுற்றுக்காலம் 0.17 வினாடி தவறாகக் கொடுக்கப்பட்டிருந்தது என்று சொல்லியும் விளக்கிவிடலாம். சுருக்கம் என்பது கோடு சாய்ந்திருப்பது அல்ல, கோடு வளைந்திருப்பது. வளைவைக் காண மூன்று காலகட்டத்துப் புள்ளிகளாவது வேண்டும். நீங்கள் எடுத்துக்கொண்ட 1.09141965 நாள் என்பதே, சுருக்கம் உண்டு என்று ஏற்றுக்கொண்ட பொருத்தத்திலிருந்து வந்த எண். விடையைக் கடன் வாங்கிக்கொண்டு விடை வந்துவிட்டது என்கிறீர்கள். அந்த ஆய்வாளர்களே 2008 முதல் சேர்ந்த கடப்பு நேரங்களை மட்டும் நம்பவில்லை. கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும் நேரங்களை ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அளந்ததையும் சேர்த்துக்கொண்டார்கள். சுருக்கமே இல்லாமல் நீள்வட்டப் பாதையின் அச்சுதான் திரும்புகிறது என்றால் கடப்பு முந்தும்போது மறைவு பிந்த வேண்டும். இரண்டும் சேர்ந்தே முந்தின. அதன் பிறகும், விண்மீனே நம்மை நோக்கி முடுக்கப்படுகிறதோ என்ற ஐயத்தை, அதாவது மேலே சொன்ன ரோமரின் விளைவே வேறு வேடத்தில் வந்திருக்கிறதோ என்பதை, ஆரத் திசைவேக (விண்மீன் நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேக) அளவுகளைக் கொண்டு விலக்கினார்கள். அவ்வளவுக்குப் பிறகுதான் சுருக்கம் என்ற சொல்லை உறுதியாக எழுதினார்கள்.

இனி உங்கள் பிழை எல்லை. 1.1 நிமிடம் என்பதை நான் நம்பவில்லை. சிதறல் ஒரு புள்ளிக்கு 0.36 சதவீதம் என்றால், பத்துப் புள்ளிகளைச் சேர்க்கும்போது அது 0.11 ஆக வேண்டும். நீங்கள் இணைத்திருக்கும் வரைபடத்தில் அடிப்பகுதியை அளவுகோல் வைத்துப் பார்த்தால் 0.18க்குக் குறையவில்லை. எச்சங்கள், அதாவது புள்ளிகளுக்கும் பொருத்திய கோட்டுக்கும் உள்ள வேறுபாடுகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரைச்சல் அல்ல. இருபது முப்பது நிமிடத்துக்கு மேலேயே நிற்கின்றன, பிறகு இருபது முப்பது நிமிடத்துக்குக் கீழேயே நிற்கின்றன. கோள் விண்மீனின் விளிம்பில் ஏறி முழுவதும் உள்ளே போக எடுக்கும் நேரமும் அதே 20 நிமிடச் சொச்சம் என்பதுதான் இதில் விஷமமான இடம். 1.4 சதவீதம் 22 நிமிடத்தில் இறங்குகிறது என்றால், நிமிடத்துக்கு 0.06 சதவீதம். அந்தச் சரிவின்போது 0.1 சதவீத அலை ஒன்று வந்து போனாலே நேரம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நகர்ந்துவிடும். மென்பொருளோ ஒவ்வொரு புள்ளியும் தனித்தது என்று நம்பிப் பிழையைக் கணிக்கிறது. 0.18ஐ 0.11ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.6, உங்கள் பிழையையும் அதனால் பெருக்குங்கள்.

மூலப் படங்களைப் பகிர முடிந்தால் பார்க்கிறேன். இரண்டு கேள்விகள்: அன்றைக்குப் பிளாட் படங்கள் (தூசி நிழலையும் ஒளி ஏற்றத்தாழ்வையும் திருத்த, சீரான ஒளியில் எடுப்பவை) எடுத்தீர்களா? விண்மீன் உச்சியைத் தாண்டும்போது தொலைநோக்கியின் தாங்கி மறுபக்கம் திரும்ப வேண்டுமே, அது எப்போது திரும்பியது?

மாடிவானம் | 30 டிசம்பர் 2024, இரவு 7.45

ஒப்புக்கொள்கிறேன். பிளாட் எடுக்கவில்லை. பின்னிரவு ஒரு மணிக்குப் பனி இறங்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்; பழைய பிளாட் படங்களைப் பயன்படுத்தினேன். தாங்கி 12.22க்குத் திரும்பியது. கடப்பு 12.04க்கே முடிந்துவிட்டதால் பாதிப்பில்லை என்று நினைத்தேன். படங்களை ஏற்றிவிட்டேன்.

கரும்புள்ளி | 1 ஜனவரி 2025, காலை 11.15

பார்த்தேன். இரண்டு கேள்விகளும் இரண்டு குற்றவாளிகளைக் காட்டிவிட்டன.

முதலாவது தூசி. 140ஆம் படத்தைத் திறந்து, திரையின் மாறுபாட்டை நன்றாக ஏற்றி, இரண்டாம் ஒப்பீட்டு விண்மீனுக்குக் கீழே இடப்பக்கம் பாருங்கள். வளையல் போல ஒரு மங்கிய வட்டம் தெரியும். வடிகட்டியின் மேல் அமர்ந்த தூசியின் நிழல் அது. உங்கள் பழைய பிளாட் படத்திலும் இதே வளையல் இருக்கிறது, ஆனால் 60 பிக்சல் தள்ளி. இடையில் எப்போதோ கேமராவைக் கழற்றி மாட்டியிருக்கிறீர்கள். ஆக, இல்லாத நிழலைத் திருத்தி, இருக்கும் நிழலை விட்டுவிட்டீர்கள். வழிகாட்டி கேமரா இருந்தும், நான்கு மணி நேரத்தில் விண்மீன்கள் படத்தில் 40 பிக்சல் நகர்ந்திருக்கின்றன. அந்த நகர்வில் அந்த ஒப்பீட்டு விண்மீன் வளையலின் ஓரத்தில் ஏறி இறங்குகிறது. அவ்வளவுதான், உங்கள் அலை பிறந்த இடம். அந்த விண்மீனை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் வைத்தால் அலை பாதியாகிறது.

இரண்டாவது, தாங்கி திரும்பியது. திரும்பிய பிறகு படம் தலைகீழாகிறது. ஒவ்வொரு விண்மீனும் கேமராவின் வேறு மூலையில் போய் உட்காருகிறது. சரியான பிளாட் இல்லாதபோது, 12.22க்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளுக்கு நடுவே ஒரு படி விழுவதைத் தவிர்க்க முடியாது. உங்களுக்கு அது 0.2 சதவீதம். கடப்பு முடிந்தபின் உங்களுக்கு இருக்கும் அடிநிலை, அதாவது விண்மீனின் குறையாத ஒளியை அளந்த நேரம், 56 நிமிடம். அதில் 18 நிமிடம் திரும்புவதற்கு முன், மீதி 38 நிமிடம் படியின் மேல். மென்பொருள் அந்தப் படியை அடிநிலையின் சாய்வு என்று எண்ணிக்கொண்டு கோட்டை வளைக்கிறது. வளைந்த கோட்டில் நடு நேரமும் நகர்கிறது. கடப்பு முடிந்த பிறகு நடந்தது பாதிக்காது என்ற எண்ணம் அதனால்தான் தவறு. படியை ஒரு தனி மாறியாகப் பொருத்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

இத்துடன் ஒன்று கூடுதல். நீங்கள் தொடங்கியபோது விண்மீன் 30 பாகை உயரத்தில், தலைக்கு மேலே இருப்பதைப்போல் இரு மடங்கு காற்றுக்குப் பின்னால் இருந்தது. முடிக்கும்போது கிட்டத்தட்ட உச்சியில். 60 வினாடிப் படத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.2 இலட்சம் எலக்ட்ரான்; அதன் வர்க்கமூலம் தரும் சிதறல் 0.3 சதவீதம். காற்றின் மினுக்கம் தருவது உச்சியில் 0.1 சதவீதம், 30 பாகையில் 0.37. அதாவது உள்ளேறும் சரிவுக்கு முந்தைய அடிநிலைப் புள்ளிகள் வெளியேறும் சரிவின் புள்ளிகளைவிடத் தரம் குறைந்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள்.

ஜவ்வாதுப் பக்கம் | 1 ஜனவரி 2025, மாலை 5.50

சுருக்கமாக ஒரு தகவல். உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லிவிடக்கூடிய காவலூரில், வைணு பாப்பு வானாய்வகத்தின் 1.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதையும் லடாக்கில் ஹான்லேயிலுள்ள 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியையும் கொண்டு, இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஐந்து அண்மைக் கோள்களின் கடப்புகளை நுண்மையாக அளந்து 2019இல் வெளியிட்டார்கள். அந்த ஐந்தில் வாஸ்ப்-12பியும் ஒன்று. அவ்வளவு பெரிய கருவியிலும் அவர்கள் தொடர்புள்ள இரைச்சலைத் தனியாகப் பிரித்தெடுக்கவே பெரும்பாடு பட்டிருக்கிறார்கள் என்பதை, கரும்புள்ளி அவர்கள் சொன்னதோடு சேர்த்துப் படிக்கலாம்.

நடைமுறையில் எனக்குத் தெரிந்தவை: குவியத்தைச் சற்று விலக்கி, விண்மீனை 10 அல்லது 12 பிக்சல் அகலத்துக்குப் பரப்பினால், ஒரு பிக்சலின் குணக்கேடு உங்களை ஆட்டிவைக்காது. ஒப்பீட்டு விண்மீன்களைப் பிரகாசத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் நிறத்தையும் பாருங்கள். வாஸ்ப்-12 நம் சூரியனைவிடச் சற்று வெப்பமானது. செந்நிற விண்மீனை அதற்கு ஒப்பாக வைத்தால், காற்றின் தடிமன் மாற மாற நீல ஒளி தனியாகவும் சிவப்பு ஒளி தனியாகவும் தேய்ந்து, ஒரு பொய்ச் சாய்வு வரும். சிவப்பு வடிகட்டி போட்டது அந்த வகையில் நல்லது. பிளாட் படத்துக்கு மாலை வானத்தையே பயன்படுத்துங்கள். தொடங்கும் முன்னே எடுத்துவிட்டால் பனி வந்தாலும் கவலையில்லை.

அல்லி | 2 ஜனவரி 2025, காலை 8.30

இவ்வளவு சின்னக் கருவியால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே பாதி விடை கிடைத்துவிட்டது. விண்வெளித் தொலைநோக்கிகள் அளக்கும்போது மாடியிலிருந்து அளப்பதற்கு என்ன தேவை என்பதை மட்டும் யாராவது சொல்வீர்களா?

நாழிகைவட்டில் | 2 ஜனவரி 2025, காலை 9.40

விண்மீனைக் கடக்கும் கோள் ஒன்றை முதன்முதலில் கண்டதே சின்னக் கருவிதான், அம்மா. 1999 செப்டம்பரில் கொலராடோவின் போல்டரில் டேவிட் சார்போனோ எச்டி 209458 என்னும் விண்மீனைக் கவனித்த கருவியின் விட்டம் 10 செ.மீ.; மாடிவானத்தினுடையதில் பாதி. மறு ஆண்டு செப்டம்பரில் பின்லாந்தின் நூரோலா வானாய்வகத்தில் ஆர்வலர்கள் 40 செ.மீ. கருவியில் அதே கடப்பைப் பதிந்தார்கள். கடப்புகளைத் தேடும் நாசாவின் டெஸ் விண்கலம் வாஸ்ப்-12ஐ 2019 டிசம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் பார்த்தது. அதன் பிறகு அடுத்த பகுதி வானத்துக்குத் திரும்பிவிட்டது. ஒரு விண்கலத்தால் எல்லா விண்மீன்களையும் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிற விண்மீன்களின் கோள்களை ஆராயவிருக்கும், ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏரியல் தொலைநோக்கித் திட்டத்துக்காக நூற்றுக்கணக்கான கோள்களின் கடப்பு நேரங்களைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால்தான், எக்ஸோகிளாக் என்ற பெயரில் ஆர்வலர்களின் அளவுகளைச் சேர்க்கிறார்கள். இரண்டு நிமிடப் பிழையோடு வரும் நேர்மையான ஓர் அளவு அங்கே பயன்படும்; அரை நிமிடப் பிழை என்று தப்பாகச் சொல்லிக்கொள்ளும் அளவு கெடுதல் செய்யும்.

மாடிவானம் | 9 ஜனவரி 2025, இரவு 9.20

கரும்புள்ளி அவர்கள் சொன்னபடி எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். இரண்டாம் ஒப்பீட்டு விண்மீனை நீக்கினேன், படியைத் தனி மாறியாக்கினேன், தாழ்வான உயரத்துப் புள்ளிகளுக்கு எடையைக் குறைத்தேன், எஞ்சிய தொடர்பு இரைச்சலுக்காகப் பிழையை விரித்தேன். புதிய விடை: எல்லாத் திருத்தங்களுக்கும் பிறகு 10.8 நிமிடம் முந்தியது, பிழை எல்லை 2.0 நிமிடம்.

முதலில் 11.7 வந்து 11.6ஐ ஒட்டி நின்றது. இப்போது ஒழுங்காகச் செய்த பிறகு விலகிப் போயிருக்கிறது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 11.7 சரியான காரணங்களுக்காக வந்த எண் அல்ல என்று இப்போது தெரிவதால், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

பதினொரு சுற்று 12 நாளும் 8 நிமிடமும் ஆவதால், அடுத்த வாய்ப்பு நேற்று, ஜனவரி 8ஆம் தேதி, ஏறக்குறைய அதே நேரத்துக்கு வந்தது. இரவு 9 மணிக்கு மேகம் மூடியது. கோள் விண்மீனைக் கடந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

நாழிகைவட்டில் | 10 ஜனவரி 2025, காலை 7.05

மேகம் மூடியதற்கு வருந்த வேண்டாம். நேற்று முன்தினம் உங்கள் தாங்கி 11.35 வாக்கில், கோள் வெளியேறத் தொடங்குவதற்குச் சற்று முன்பு திரும்பியிருக்கும். நேரம் அளப்பதற்கு அது மோசமான இடம். ஜனவரி 20 இரவு கடப்பின் நடுவும் உச்சியும் ஏறத்தாழ ஒன்றாக, 10.50 வாக்கில் வருகின்றன. உள்ளேறுவதும் வெளியேறுவதும் ஒரே உயரத்தில் நிகழும் என்பதால் காற்றின் சாய்வு இரு பக்கமும் சமமாகிவிடும். படியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் அதைவிட எனக்கு ஆசையாக இருப்பது மார்ச் 20. அன்றைய கடப்பின் நடு இரவு ஒன்பதரைக்குச் சற்று முன். அப்போது பூமி, விண்மீன் இருக்கும் திசைக்கு ஏறத்தாழச் செங்குத்தான இடத்தில் இருக்கும். ஒளிப் பயணத் திருத்தம் 8.1 நிமிடத்திலிருந்து ஒரே நிமிடத்துக்கு இறங்கிவிடும். வாஸ்ப்-12ஐ எல்லோரும் டிசம்பரிலும் ஜனவரியிலுமே பார்ப்பதால், திருத்தத்தை மறந்தவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே தவறே திரும்பத் திரும்ப வந்து, அது உண்மைபோல நிலைத்துவிடுகிறது. மார்ச்சில் ஒருமுறை அளந்து, திருத்தாத எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். திருத்தாத விலகல் இரண்டு இரவுகளுக்கும் ஏழு நிமிடம் மாறி, திருத்திய விலகல் மாறாமல் நின்றால், கடிகாரத்தை நீங்கள் சரியாகக் கையாண்டீர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மாடிவானம் | 23 மார்ச் 2025, இரவு 8.15

ஜனவரி 20 அன்று வெளியூரில் இருந்தேன். மார்ச் 20 வாய்த்தது. மாலை 6.40க்கே வானத்தில் பிளாட் எடுத்தேன், குவியத்தை விலக்கினேன், 7.10க்குத் தொடங்கி 11.20 வரை எடுத்தேன். விண்மீன் உச்சியைத் தாண்டி மேற்கே சாய்ந்துகொண்டிருந்ததால் தாங்கி திரும்பவே இல்லை. ஆனால் கடைசி அரை மணி நேரத்தில் காற்று தடித்துப் புள்ளிகள் சிதறின, அதனால் பிழை குறையவில்லை. சுருக்கமில்லாத கணிப்பிலிருந்து விலகல்கள் இவை.

டிசம்பர் 27: திருத்தாமல் 20.6 நிமிடம் முந்தியது. திருத்திய பிறகு 10.8, பிழை 2.0.
மார்ச் 20: திருத்தாமல் 15.1 நிமிடம் முந்தியது. திருத்திய பிறகு 12.5, பிழை 2.3.

மார்ச்சுக்குச் சுருக்கக் கணக்கு சொல்வது 12.0. இரண்டு இரவுகளின் படங்களும் பிளாட்களும் அதே இணைப்பில் இருக்கின்றன. கரும்புள்ளி அவர்கள் நேரம் கிடைக்கும்போது 88ஆம் படத்தின் வலது மேல் மூலையைப் பார்க்க வேண்டுகிறேன். அங்கே இன்னொரு வளையல் இருப்பதாக எனக்குச் சந்தேகம்.